எலாஸ்டிக்சர்ச்சோடு பைத்தானில் பேச: நேரடி எச்டிடிபியா, க்ளையன்ட்டா, டிஎஸ்எல்லா?

எலாஸ்டிக்சர்ச் ஒரு தேடல் சர்வர். 9200-ஆம் போர்ட்டில் உட்கார்ந்துகொண்டு, எச்டிடிபி வழியாக ஜேசனில் கேட்டால் ஜேசனிலேயே பதில் சொல்கிறது. டெர்மினலிலிருந்தே எச்டிடிபி கோரிக்கை அனுப்பும் கர்ல் தெரிந்தால் போதும், பேச ஆரம்பித்துவிடலாம். அதனால் புதிதாகச் சேருகிற பையன்கள் எல்லோரும் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வியோடு வருவார்கள்: "இதுக்குத் தனியா ஒரு லைப்ரரி எதுக்குங்க? ரிக்வெஸ்ட்ஸ் வச்சே முடிச்சிடலாமே?" நானும் ஒரு காலத்தில் அதையே கேட்டவன்தான். கேட்டதோடு நிற்காமல் அப்படியே எழுதி, கையையும் சுட்டுக்கொண்டேன். அந்தக் கதை கீழே வருகிறது.

பைத்தானில் வழிகள் மூன்று. ரிக்வெஸ்ட்ஸ் மாதிரி ஒரு பொது எச்டிடிபி லைப்ரரியை வைத்து நாமே எல்லாம் எழுதுவது ஒன்று. எலாஸ்டிக் தருகிற அதிகாரபூர்வ க்ளையன்ட் லைப்ரரியை எடுத்து, குவெரியை, அதாவது தேடல் கேள்வியைப் பைத்தான் டிக்ஷனரியாகக் கொடுப்பது இரண்டாவது. அதற்கு மேல் அடுக்காக இருக்கும் டிஎஸ்எல்லில் குவெரியை ஆப்ஜெக்ட்டுகளாகக் கட்டுவது மூன்றாவது. மூன்றும் கடைசியில் ஒரே ஜேசனைத்தான் அனுப்புகின்றன. தப்பு நடந்தால் எது சொல்லும், எது வாயை மூடிக்கொண்டிருக்கும் என்பதில்தான் எனக்கு வித்தியாசம் தெரிந்தது. வேகத்தைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. ஒரு தேடலுக்கு ஆகும் நேரத்தில் பெரும்பங்கு சர்வரிலும் நெட்வொர்க்கிலும் போகிறது. லைப்ரரி எடுக்கும் நேரத்தை நினைத்து நான் இதுவரை கவலைப்பட்டதில்லை.

முதலில் மறுமுனையில் யார்?

லைப்ரரியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் சர்வர் எது, எந்த வெர்ஷன் என்று பார்த்துவிடுங்கள். பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும்.

2021 ஜனவரியில் எலாஸ்டிக் நிறுவனம், 7.11-லிருந்து அப்பாச்சி 2.0 உரிமம் கிடையாது என்று அறிவித்தது. அமேசான் அதற்கு முந்தைய 7.10.2-ஐ எடுத்துக் கிளை பிரித்து, ஓப்பன்சர்ச் என்று பெயர் வைத்தது. ஓப்பன்சர்ச் 1.0 அந்த ஆண்டு ஜூலையில் வந்தது. அடுத்த மாதமே எலாஸ்டிக்கின் பைத்தான் க்ளையன்ட் 7.14 வந்தபோது அதில் ஒரு புதுப் பழக்கம் சேர்ந்திருந்தது: "நீ அசல் எலாஸ்டிக்சர்ச்தானா?" என்று சர்வரை விசாரிப்பது. இல்லையென்று தெரிந்தால் பிழை காட்டி அங்கேயே நின்றுவிடும். அப்போது அமேசானின் சேவைக்கே அமேசான் எலாஸ்டிக்சர்ச் சர்வீஸ் என்றுதான் பெயர். பெயரில் எலாஸ்டிக்சர்ச் இருக்கிறதே என்று நம்பி பிப்பில் க்ளையன்ட்டை அப்கிரேட் செய்தவர்களுக்கு என்ன நடந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் அந்தப் பெயரும் மாறிவிட்டது.

பிறகு 2024-இல் எலாஸ்டிக் ஏஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தையும் ஒரு தேர்வாகச் சேர்த்தது, ஓப்பன்சர்ச் லினக்ஸ் ஃபவுண்டேஷன் கைக்குப் போனது. ஆனால் க்ளையன்ட்டுகள் பிரிந்தது பிரிந்ததுதான். ஓப்பன்சர்ச் ஓடுகிறதென்றால் அதற்கென்று உள்ள பைத்தான் க்ளையன்ட்டை எடுங்கள், வேறு யோசனையே வேண்டாம். அது எலாஸ்டிக்கின் 7-ஆம் வெர்ஷன் க்ளையன்ட்டிலிருந்து பிரிந்தது என்பதால் பழைய பாணியில், குவெரி முழுவதையும் பாடி என்ற ஒரே ஆர்க்யுமென்ட்டில் கொடுக்கும் பழக்கம் அங்கே இன்னும் உண்டு. டிஎஸ்எல்லும் அங்கே க்ளையன்ட்டுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. ஆகவே இங்கே சொல்வதில் முக்கால்வாசி அங்கும் பொருந்தும்.

எலாஸ்டிக்சர்ச்தான் என்றால் வெர்ஷன் பொருத்தம் பாருங்கள். க்ளையன்ட் பழையதாகவும் சர்வர் புதியதாகவும் இருந்தால் பெரும்பாலும் ஓடும். 8 க்ளையன்ட்டோடு பேச 9 சர்வருக்குத் தெரியும். தலைகீழாக வைத்தால் ஓடாது. 9 க்ளையன்ட் ஒவ்வொரு கோரிக்கையின் ஹெடரிலும் "எனக்கு 9-க்கு ஏற்ற பதில் வேண்டும்" என்று எழுதி அனுப்புகிறது. 8 சர்வர் அதைப் பார்த்துவிட்டு 400 என்று திருப்பி அனுப்பிவிடும். பிழைச் செய்தியில் அக்செப்ட் ஹெடர் பற்றி ஏதோ இருக்கும், படிக்கிறவருக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. ரிக்வொயர்மென்ட்ஸ் ஃபைலில் வெர்ஷன் எழுதாமல் வெறும் பெயரை மட்டும் எழுதிவைத்திருக்கும் புராஜெக்ட்டில் இது ஒருநாள் வந்தே தீரும்.

நேரடி எச்டிடிபி: எங்கே உதைக்கிறது

இதன் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எலாஸ்டிக்கின் ஆவணங்களில் உதாரணங்கள் எச்டிடிபி வடிவில்தான் முதலில் இருக்கும். எலாஸ்டிக்சர்ச்சுக்கான வெப் முகப்பான கிபானாவின் டெவ் டூல்ஸில் அடித்துப் பார்த்த குவெரியை அப்படியே எடுத்து ஒட்டலாம். க்ளையன்ட் 7-லிருந்து 8-க்குப் போனால் எந்த ஆர்க்யுமென்ட்டின் பெயர் மாறியது என்ற தலைவலி இல்லை. கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி கிடையாது. புதியவர்களை முதல் இரண்டு நாள் கர்ல் மட்டும்தான் பயன்படுத்தச் சொல்கிறேன்.

இப்போது கதை. புதுப் புத்தகமும் பழைய புத்தகமும் விற்கும் ஒரு கடைக்குத் தேடல் செய்துகொடுத்தோம். பட்டியல் ஒரு பெரிய எக்செல் ஃபைலில் இருந்தது. பல பதிவுகளை ஒரே கோரிக்கையில் அனுப்பும் பல்க் ஏபிஐக்கு வடிவம் கொஞ்சம் வித்தியாசம்: ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு வரி, முதல் வரியில் என்ன செய்ய வேண்டும், இரண்டாம் வரியில் பதிவு. முழுவதும் ஒரே ஜேசனாக இருக்கக் கூடாது, கடைசி வரிக்குப் பிறகும் ஒரு வரி முறிவு வேண்டும், இல்லையென்றால் சர்வர் ஏற்றுக்கொள்ளாது. ரிக்வெஸ்ட்ஸின் ஜேசன் ஆர்க்யுமென்ட் இதற்கு உதவாது. சரி, சரத்தை நாமே கட்டினோம். அனுப்பினோம். ஸ்டேட்டஸ் 200. அடுத்த கட்டு, 200. எல்லாம் 200. லாக் முழுவதும் பச்சையாக இருந்தது, வீட்டுக்குப் போய்விட்டோம்.

மறுநாள் கடைக்காரர் கூப்பிட்டார். "தம்பி, எங்ககிட்ட இருக்குற புத்தகத்துல பாதி வரலையே." பாதி என்றது கோபத்தில், ஆனால் நூற்றுக்கணக்கில் காணோம் என்பது உண்மை.

காரணம் இது. எந்த ஃபீல்டில் என்ன வகைத் தரவு என்று சொல்லும் மேப்பிங்கை நாங்கள் முன்கூட்டிச் சொல்லவில்லை. முதலில் போன புத்தகத்தின் விலை 250. அதைப் பார்த்து எலாஸ்டிக்சர்ச் விலை ஃபீல்டை லாங், அதாவது முழு எண் என்று தானாகவே முடிவுசெய்துவிட்டது. எக்செல்லில் பழைய புத்தகங்களுக்கு நேரே யாரோ "அச்சில் இல்லை" என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பதிவு ஒவ்வொன்றையும் சர்வர் 400 என்று தள்ளிவிட்டது. ஆனால் அந்த 400 வெளியே தெரியாது. பல்க் கோரிக்கை முழுமைக்குமான பதில் 200தான். பதிலின் உள்ளே எரர்ஸ் என்ற ஃபீல்டில் ட்ரூ என்று இருக்கும், அதற்குக் கீழே ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனி ஸ்டேட்டஸ் இருக்கும். நாங்கள் கவரை மட்டும் பார்த்துவிட்டுக் கடிதத்தைப் படிக்காமல் விட்டோம். இன்னொன்றும் அப்போதுதான் கண்ணில் பட்டது: விலை 249.50 என்று இருந்த புத்தகங்கள் உள்ளே போயிருந்தன, ஆனால் தேடலுக்கான இண்டெக்ஸில் பைசா வெட்டப்பட்டு 249 ஆகிவிட்டது. தேடல் முடிவில் காட்டும் மூலப் பதிவில் 249.50 அப்படியே இருக்கும். அதனால் விலை வரம்பு போட்டுத் தேடுகிறவருக்கு மட்டும் அவ்வப்போது கணக்கு இடிக்கும்.

மேப்பிங் எழுதாதது எங்கள் தப்பு, எந்த லைப்ரரியும் அதற்குப் பொறுப்பில்லை. ஆனால் தப்பு நடந்தது தெரியாமல் போனது நேரடி எச்டிடிபியால்தான். இதேபோல இன்னும் சில விஷயங்கள் நம் தலையில் விழும். ரிக்வெஸ்ட்ஸுக்கு இயல்பான டைம்அவுட் கிடையாது. சர்வர் பதிலே சொல்லவில்லையென்றால் நம் புரோகிராம் விடியவிடியக் காத்திருக்கும். மூன்று நோடு, அதாவது மூன்று சர்வர் சேர்ந்த க்ளஸ்டரில் ஒன்று விழுந்தால் அடுத்ததிடம் கேட்க நாம்தான் எழுத வேண்டும். சர்வருக்கு வேலை அதிகமாகி 429 வந்தால் கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்புவதும் நம் பாடு. ஒவ்வொன்றும் இருபது முப்பது வரிதான். ஆனால் எல்லாவற்றையும் எழுதி முடித்தபின் பார்த்தால், கையில் இருப்பது அரைகுறையாக வெந்த ஒரு க்ளையன்ட் லைப்ரரி.

அதிகாரபூர்வ க்ளையன்ட்

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மாறியது இதற்குத்தான். இணைப்பைத் திரும்பப் பயன்படுத்துவது, நோடுகளை மாற்றிமாற்றிக் கேட்பது, விழுந்த நோடைக் கொஞ்சநேரம் ஒதுக்கிவைப்பது, 429, 502, 503, 504 வந்தால் மூன்றுமுறை வரை மறுமுயற்சி செய்வது எல்லாம் உள்ளேயே இருக்கிறது. டைம்அவுட் 10 நொடி. பதிவு இல்லையென்றால் ஒரு பிழை, வெர்ஷன் மோதினால் வேறொரு பிழை என்று தனித்தனி எக்செப்ஷன் வகைகள் உண்டு. ஏசிங்க் வடிவமும் இருக்கிறது, ஃபாஸ்ட்ஏபிஐக்காரர்களுக்கு உதவும்.

ஒரு நுணுக்கம்: டைம்அவுட் ஆனால் மட்டும் இது தானாக மறுமுயற்சி செய்யாது. அது சரியான முடிவுதான். பதில் வரவில்லை என்பதால் வேலை நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. பதிவு உள்ளே போய், பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். ஐடி கொடுக்காமல் அனுப்பிய பதிவை மறுபடி அனுப்பினால் ஒரே புத்தகம் இரண்டு தடவை வந்து உட்காரும். நாங்கள் ஐஎஸ்பிஎன்னையே பதிவின் ஐடியாக வைத்தோம், அது இல்லாத பழைய புத்தகங்களுக்குக் கடையின் இருப்பு எண்ணை வைத்தோம். பிறகு எத்தனை தடவை அனுப்பினாலும் பழையதன் மேலேயே எழுதும்.

க்ளையன்ட்டை எடுப்பதற்கு எனக்கு முதல் காரணம் அதனுடைய ஹெல்பர்ஸ் பகுதி. பல்க் ஹெல்பரிடம் ஒரு ஜெனரேட்டரைக் கொடுத்தால் 500 500 பதிவாகக் கட்டி அனுப்பும், பதிலின் உள்ளே பிரித்துப் பார்க்கும், ஒரு பதிவு தோற்றிருந்தாலும் எக்செப்ஷன் எழுப்பும். முதல்நாளே இதைப் பயன்படுத்தியிருந்தால் "அச்சில் இல்லை" வந்த நிமிடமே புரோகிராம் நின்றிருக்கும்.

நின்றிருக்கும், அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பிழை வந்த கட்டோடு அது நிறுத்திவிடும். மீதிப் பட்டியல் போகாது. இரவில் தனியாக ஓடும் வேலைக்கு இது சரிப்படாது. அதற்கு ஸ்ட்ரீமிங் பல்க் என்ற இன்னொரு ஹெல்பரை எடுத்து, பிழை வந்தாலும் எக்செப்ஷன் எழுப்பாதே என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு பதிவின் முடிவையும் நாமே வாங்கி, தோற்றவற்றை ஒரு ஃபைலில் எழுதிவைக்கலாம். அப்புறம் கவனியுங்கள்: மேலே சொன்ன மூன்று மறுமுயற்சி முழுக் கோரிக்கைக்குத்தான். பல்க்கின் உள்ளே தனிப் பதிவு ஒன்று 429 வாங்கினால் ஹெல்பர் இயல்பாக மறுமுயற்சி செய்யாது, அந்த எண்ணிக்கை பூஜ்யத்தில் இருக்கும். அதை நாம்தான் கூட்டிக்கொடுக்க வேண்டும். இரண்டும் ஒன்று என்று நான் கொஞ்சகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முழுப் பட்டியலையும் வெளியே எடுக்க வேண்டுமானால் ஸ்கேன் ஹெல்பர் இருக்கிறது. சாதாரணத் தேடலில் பக்கம் பக்கமாகப் போனால் 10,000-ஐத் தாண்ட சர்வர் விடாது.

குறைகளும் சொல்ல வேண்டும். 7-லிருந்து 8-க்கு மாறியபோது நிறையப் புரோகிராம்கள் உடைந்தன. பாடி ஆர்க்யுமென்ட் வேண்டாம், குவெரி, சைஸ், சார்ட் என்று தனித்தனியாகக் கொடு என்றார்கள், 8.12-இல் பாடியையே மறுபடி அனுமதித்தார்கள். இடைப்பட்ட காலத்தில் சிரமப்பட்டு மாற்றி எழுதியவர்கள் பாவம். பதிலும் வெறும் டிக்ஷனரி இல்லை இப்போது. டிக்ஷனரி மாதிரி நடந்துகொள்ளும், ஆனால் ஜேசனாக மாற்றப் போனால் முடியாது என்னும். அதன் பாடியை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

குவெரியைப் பொறுத்தவரை இது நேரடி எச்டிடிபியைவிடப் புத்திசாலி இல்லை. மேட்ச் என்ற சொல்லைத் தப்பாக அடித்தால் சர்வர் 400 சொல்லிவிடும். ஃபீல்டின் பெயரைத் தப்பாக அடித்தால்? ஆசிரியர் ஃபீல்டின் பெயரில் ஓர் எழுத்து மாறினால் போதும், பிழையே வராது. முடிவு பூஜ்யம் என்று வரும். அப்படி ஒரு ஃபீல்டு இல்லை, ஆகவே பொருந்தும் பதிவும் இல்லை என்பது அதன் கணக்கு. டெஸ்ட் எழுதித்தான் பிடிக்க வேண்டும். அந்த டெஸ்டிலும் பதிவைப் போட்ட உடனே தேடிவிட்டு, கிடைக்கவில்லையே என்று முழிக்காதீர்கள். இண்டெக்ஸ் ரெஃப்ரெஷ் ஆக இயல்பாக ஒரு நொடி ஆகும். எழுதும்போதே ரெஃப்ரெஷுக்குக் காத்திரு என்று சொல்லிவிடலாம்.

டிஎஸ்எல்

கடையின் தேடல் பக்கத்தில் இடதுபுறம் வடிகட்டிகள்: ஆசிரியர், பதிப்பகம், விலை வரம்பு, புதிதா பழையதா, கையிருப்பு உண்டா. பயனர் எதை வேண்டுமானாலும் தட்டுவார், எதையும் தட்டாமலும் இருப்பார். இதை டிக்ஷனரியில் எழுதினால் குவெரிக்குள் பூல், பூலுக்குள் ஃபில்டர், ஃபில்டருக்குள் பட்டியல், பட்டியலுக்குள் ரேஞ்ச் என்று அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாகப் போகும். ஆறு மாதம் கழித்து அதில் இன்னொரு வடிகட்டி சேர்க்கச் சொன்னால் எழுதியவருக்கே எந்த அடைப்பு எதற்கு என்று தெரியாது.

டிஎஸ்எல்லில் ஒரு தேடல் ஆப்ஜெக்ட்டை வைத்துக்கொண்டு, ஆசிரியர் வந்தால் ஒரு வரி, விலை வந்தால் ஒரு வரி என்று சேர்த்துக்கொண்டே போகலாம். இரண்டு நிபந்தனைகளை "இதுவும் அதுவும்", "இதுவோ அதுவோ" என்று பைத்தான் குறியீடுகளாலேயே இணைக்கலாம். ஜாங்கோ ஓஆர்எம் பழகியவர்களுக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். முன்பு தனிப் பேக்கேஜாக இருந்தது, 8.18-லிருந்து க்ளையன்ட்டுக்குள்ளேயே வந்துவிட்டதால் கூடுதலாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்த மாதிரி இருப்பதே ஆபத்தும்கூட. ஜாங்கோவில் ஒரு குவெரிசெட்டை லூப் போட்டால் எல்லா வரிசையும் வரும். இங்கே தேடல் ஆப்ஜெக்ட்டை லூப் போட்டால் பத்துப் பதிவு வரும், அவ்வளவுதான். எலாஸ்டிக்சர்ச்சின் இயல்பான அளவு 10. ஆயிரம் பொருந்தினாலும் பத்துதான். அதைவிட மோசமானது இது. ஒருவர் எழுதியிருந்த வரி:

தேடல்.ஃபில்டர்(விலை 200-க்குக் கீழ்)

எழுத வேண்டியது:

தேடல் = தேடல்.ஃபில்டர்(விலை 200-க்குக் கீழ்)

ஃபில்டர் பழைய ஆப்ஜெக்ட்டை மாற்றாது, புதிதாக ஒரு நகலைத் திருப்பித் தரும். முதல் வரி அந்த நகலை வாங்கி வைத்துக்கொள்ளவே இல்லை. பிழை கிடையாது, எச்சரிக்கை கிடையாது. 200 ரூபாய்க்குக் கீழ் என்று தட்டியவருக்கு 900 ரூபாய்ப் புத்தகம் முதலில் வந்து நிற்கும். ஜாங்கோவிலும் இதே விதிதான், ஆகவே பழகியவர்கள் தப்பித்தார்கள். ஆனால் முடிவுகளை வகைவாரியாக எண்ணிச் சொல்லும் அக்ரிகேஷன் சேர்க்கும்போது மட்டும் டிஎஸ்எல் அதே ஆப்ஜெக்ட்டை அங்கேயே மாற்றுகிறது. ஒரே ஆப்ஜெக்ட், இரண்டு சட்டம். கோடு ரிவ்யூவில் எனக்கு இன்னும் கண் தப்பும் இடம் இது.

டிஎஸ்எல்லின் இன்னொரு பாதியைப் பலர் தொடுவதே இல்லை: டாக்குமென்ட் கிளாஸ். புத்தகம் என்று ஒரு கிளாஸ் எழுதி, தலைப்பு டெக்ஸ்ட், ஐஎஸ்பிஎன் கீவேர்டு, விலை தசம எண் என்று அறிவித்து, இனிட் என்று கூப்பிட்டால் மேப்பிங்கோடு இண்டெக்ஸ் தயார். விலையை முழு எண் என்று ஊகிக்கும் கூத்துக்கு இடமில்லை. என் கணக்கில் குவெரி கட்டும் வசதியைவிட இதற்காகவே டிஎஸ்எல்லை எடுக்கலாம்.

எடுக்கக் கூடாத இடமும் உண்டு. மாறாத, நீளமான குவெரி ஒன்றை கிபானாவில் மணிக்கணக்காக உட்கார்ந்து சீர்செய்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். அதை டிஎஸ்எல்லுக்கு மொழிபெயர்ப்பது வெட்டி வேலை. நாளை மறுபடி கிபானாவுக்குக் கொண்டுபோக அதைத் திரும்ப டிக்ஷனரியாக்க வேண்டும். அதற்கு ஒரு மெதட் இருக்கிறதுதான், இருந்தாலும் போக வரப் பயணம் எதற்கு?

தமிழ் விஷயம் ஒன்று

மூன்றில் எதை எடுத்தாலும் "வீடு" என்று தேடினால் "வீட்டில்" கிடைக்காது. உரையைத் தேடல் சொற்களாக உடைப்பது அனலைசர். எலாஸ்டிக்சர்ச்சோடு வரும் மொழி அனலைசர் பட்டியலில் இந்தி, வங்காளம் இருக்கின்றன, தமிழ் இல்லை. அதற்குச் செய்ய வேண்டியது மேப்பிங் பக்கத்து வேலை, தனிக் கட்டுரைக்கான விஷயம். ஆனால் இதையாவது செய்துவிடுங்கள்: "கொ" போன்ற எழுத்துகளின் கொம்பும் காலும் யூனிகோடில் ஒரே குறியாகவும் வரலாம், இரண்டு குறியாகவும் வரலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, இயல்பான அனலைசருக்கு இரண்டும் வேறு. பைத்தானிலேயே எல்லாச் சரத்தையும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டு அனுப்புங்கள், பயனர் தட்டும் தேடல் சொல்லையும் சேர்த்து. அல்லது சர்வரில் யூனிகோடு வேலைக்கான ஐசியு பிளக்இன் போட்டு அங்கே செய்யலாம்.

நாங்கள் எடுத்தது

கலந்து எடுத்தோம். ஏற்றுவது, இறக்குவது, ஐடி கொடுத்து ஒரு பதிவை எடுப்பது எல்லாம் க்ளையன்ட்டும் அதன் ஹெல்பர்ஸும். இண்டெக்ஸ் வடிவம் டிஎஸ்எல்லின் டாக்குமென்ட் கிளாஸில். வடிகட்டிகள் உள்ள தேடல் பக்கம் டிஎஸ்எல்லில். முகப்பில் வரும் "இதுபோன்ற புத்தகங்கள்" குவெரி டிக்ஷனரியாகவே இருக்கிறது, அதைத் தொட எங்களுக்குத் தைரியம் இல்லை. நேரடி எச்டிடிபி ஒரே இடத்தில் மிச்சம்: சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட், டைம்அவுட் போட்டு.

நீங்கள் தனியாக வேலை பார்க்கிறவர், ஒரு இண்டெக்ஸ், இரண்டே குவெரி என்றால் டிஎஸ்எல்லைத் தேடிப் போக வேண்டாம், க்ளையன்ட் போதும். ஆப் பைத்தானிலேயே இல்லை, நீங்கள் பயன்படுத்தும் மொழிக்கு அதிகாரபூர்வ க்ளையன்ட்டும் இல்லை என்றால் மட்டும் நேரடி எச்டிடிபி. அப்போதும் பல்க் பதிலின் எரர்ஸ் ஃபீல்டைப் பார்க்கும் வரியை முதலில் எழுதிவிட்டு மற்றதை ஆரம்பியுங்கள்.

கடையில் பட்டியல் இப்போது ராத்திரி இரண்டு மணிக்கு ஏறுகிறது. தோற்ற பதிவுகள் காரணத்தோடு ஒரு ஃபைலில் விழும். காலையில் கடைக்காரரின் மகள் டீயோடு உட்கார்ந்து அதைத் திறந்து பார்த்து, எக்செல்லில் விலைக்கு நேரே இருக்கும் "கேட்கவும்", "அச்சில் இல்லை", "அண்ணனிடம் உள்ளது" எல்லாவற்றையும் குறிப்பு என்ற நெடுவரிசைக்கு மாற்றிவைக்கிறார்.